மூக்குப்பேணியும் சிரட்டையும்



கண்ணாற் கண்டு அறியவேண்டிய பொருள்களைப் பற்றிக் காதாற் கேட்கும் வானொலியிலே பேச வந்திருக்கின்றேன். இது பொருந்தாத முயற்சி என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இன்று நான் எடுத்துச் சொல்லப்போகும் பொருள்களுட் பல உங்கள் இல்லங்களிலே, உங்கள் கைக்கெட்டிய தூரத்திலே இருப்பவை. அடுக்களை மூலையிலோ, கிணற்றடியிலோ, வீட்டின் பின்புறத்திலோ கிடப்பவை. அவற்றுள் ஒன்றைக் கையிலெடுத்து வைத்துக்கொண்டு இப்பேச்சைக் கேட்பீர்களாயின், என் சொற்களிலுள்ள குறையை அந்தப் பொருளே நிறைவுசெய்துவிடும்.

கலை என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் வருவன கோயிற் சிற்பமும், சுவரோவியமும், கண்ணாடிச் சட்டத்துள் மாட்டப்பட்ட படமுமே. கலையைக் காண்பதற்குக் கொழும்பு நூதனசாலைக்குப் போகவேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லுகின்றோம். ஆண்டுக்கொரு முறை அவர்களைப் பேருந்திலேற்றிக் கொண்டுபோய்க் காட்டவும் செய்கின்றோம். அது நல்ல காரியமே. ஆனால் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாக்குவெட்டியைக் கண்டு வியக்கும் பிள்ளை, வீட்டுக்கு வந்ததும் தன் பாட்டியின் மடியிலிருக்கும் பாக்குவெட்டியை ஒரு பொருட்டாகவும் மதிப்பதில்லை. இரண்டும் ஒரே கையின் வேலையாக இருக்கலாம். கண்ணாடிப் பெட்டியொன்றே இவ்விரண்டுக்குமிடையிலுள்ள வேறுபாடு. அந்தப் பெட்டி இல்லாமலே பொருளைக் காணுவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் விடயம்.

முதலில் எங்கள் வீட்டிலுள்ள ஒரு மூக்குப்பேணியைப் பற்றிச் சொல்லுகின்றேன். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிற் பிறந்தவர்களுக்கு இப்பாத்திரத்தை விளக்கவேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சொல்லுகின்றேன். பித்தளையாலோ வெண்கலத்தாலோ ஆன குடிகலம் அது. உருண்ட வயிறு, மேலே விரிந்த வாய், ஒரு பக்கத்திலே பறவையின் அலகு போன்று நீண்ட சிறிய மூக்கு. குடிப்பவர் தலையைச் சற்றே அண்ணாந்து, பேணியை உதட்டுக்கு மேலே உயர்த்திச் சரிப்பார். மூக்கு வழியாக மெல்லிய தாரையாக நீர் இறங்கும். உதடு பேணியிற் படுவதில்லை.

ஐம்பது ஆண்டுகளாக இதனைப் பார்த்து வந்திருந்தும், இதனை நான் கண்டது பிற்காலத்திலேதான். ஒருநாள் ஓய்வாக இருந்த வேளையில், இந்த உருவம் ஏன் இவ்வாறு அமைந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மூக்கு ஏன் இவ்வளவு ஒடுக்கமாயிருக்கின்றது? அகலமாயிருந்தால் நீர் ஒருமிக்கக் கொட்டிப் புரையேறும். வாய் ஏன் விரிந்திருக்கின்றது? விரல்கள் உள்ளே சென்று புளியும் சாம்பலுமிட்டு மினுக்குவதற்கு இடம் வேண்டும். வயிறு ஏன் உருண்டிருக்கின்றது? உள்ளங்கை அதனை அணைத்துப் பிடிக்கின்றது. சரிக்கும்போது பாரம் கையை விட்டு விலகுவதில்லை. இவற்றுள் ஒன்றுகூட அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் மாலை வெயில் பட்டு அது திண்ணையிலே மின்னும்போது, அதனினும் அழகிய பொருளொன்று எங்கள் வீட்டிலில்லை என்றே எனக்குத் தோன்றும்.

இப்படி ஒரு குடிகலத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்டவன் நான் மட்டுமல்லன். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த சாள்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் என்னும் தம்பதிகள் நாற்காலிகளையும் வீட்டுத் தளபாடங்களையும் வடிவமைத்துப் பெரும்புகழ் பெற்றவர்கள். இந்திய அரசாங்கம் அவர்களை அழைத்து, கைத்தொழில் வடிவமைப்புக்கான பயிற்சி எவ்வாறு அமையவேண்டும் என்று ஆலோசனை கேட்டது. அவர்கள் நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1958ஆம் ஆண்டிலே ஓர் அறிக்கை அளித்தனர். மாளிகைகளையும் கோபுரங்களையும் கண்டுவந்த அவர்கள், தாம் கண்டு வியந்த பொருள்களுள் மிகச் சிறந்ததாக எடுத்துக் காட்டியது சாதாரணச் செம்பையே. வட நாட்டவர் அதனை லோட்டா என்பர். அது எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், நிறைந்தபோதும் வெறுமையானபோதும் எவ்வாறு நிலைகொள்ளும், இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு அமரும், எவ்வாறு துலக்கப்படும், என்ன விலைக்கு விற்கும் என்றெல்லாம் அவர்கள் ஆராய்ந்தனர். இதனைத் தனியொருவர் உருவாக்கியிருத்தல் இயலாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்த வடிவம் இது என்ற முடிவுக்கும் வந்தனர். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத் நகரிலே தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. ஒரு செம்பு பேசத் தொடங்கினால் ஒரு கல்லூரியே எழும் என்பதற்கு இது சான்று.

யப்பான் தேசத்திலும் இத்தகைய கதையொன்று உண்டு. கியோத்தோ நகரிலுள்ள தைத்தொக்குஜி என்னும் பௌத்த மடத்தின் கிளைக் கோயிலொன்றிலே கிஸாயெமோன் என்ற பெயருடைய ஒரு கிண்ணம் பாதுகாக்கப்படுகின்றது. அது யப்பானில் வனையப்பட்டதன்று. கொரியாவிலே பெயர் தெரியாத குயவரொருவர் வனைந்தது. தேநீர்ச் சடங்கிலே தேர்ந்த பெரியோர் அதனைக் கண்டு பேணி வைத்தனர். இன்று அது யப்பானின் தேசியப் பொக்கிஷங்களுள் ஒன்று. நாட்டார் கைப்பணிகளின் பெருமையை உலகுக்கு உணர்த்திய யனகி சோயெத்சு என்னும் அறிஞர் அக்கிண்ணத்தைப் பார்க்கச் சென்றார். ஏழை உழவர் உணவுண்ணும் கலமாகவே அது முன்னர் இருந்ததென அவர் கருதினார். பெயரும் புகழும் கருதாது, நாளொன்றுக்குப் பல கலங்களை வனைந்து தள்ளிய கையினாலேதான் அத்தகைய இயல்பான அழகு பிறந்தது என்பது அவர் கொள்கை. 1936இலே தோக்கியோ நகரில் நாட்டார் கைப்பணிகளுக்கென ஒரு நூதனசாலையையும் அவர் நிறுவினார்.

நமது தீவும் இத்துறையிலே பின்தங்கியதன்று. கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்ட 1877ஆம் ஆண்டிலேயே அதே நகரிற் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் கல்லையும் கனிப்பொருளையும் ஆராயக் கற்றவர். கனிப்பொருள் ஆய்வுக்காக மலைநாட்டுக் கிராமங்களிலே அலைந்தபோது, கல்லைத் தேடிய அவருடைய கண் கைவினைஞரின் பட்டறைகளிலே தங்கிவிட்டது. பாய் இழைப்போர், குயவர், கன்னார், அரக்கு வேலை செய்வோர் ஆகியோரிடமிருந்து அவர் அறிந்தவற்றின் பயனே 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல். அந்நூலுக்கு வேண்டிய புகைப்படங்களை எடுத்துதவியவர் அவருடைய மனைவியார் எதெல் அம்மையார். தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிங்களக் கைவினைஞரின் தட்டையும் கிண்ணியையும் உலகறியச் செய்தார் என்பதை இந்நாட்டு மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

எதெல் அம்மையாரின் புகைப்படங்களைப் பற்றிச் சொன்னேன். பார்க்கப் பழக்குவதிலே புகைப்படக் கருவிக்குச் சமமான ஆசிரியர் அரிது. எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை விலக்குவது, ஒளி எங்கிருந்து விழுகின்றது என்ற மூன்று கேள்விகளையும் அது ஒவ்வொரு முறையும் நம்மிடம் கேட்கின்றது.

நமது மலைநாட்டிலே, பொகவந்தலாவைத் தேவாலயத்தின் மயானத்தில், ஜூலியா மாகிரட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அடக்கஞ்செய்யப்பட்டிருக்கின்றார். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களால் நம் சரித்திர பாடத்திலே இடம்பெறும் கமரன் அவர்களின் மனைவியார் இவர். 1863இல், தம் 48ஆம் வயதிலே, மகளும் மருமகனும் கொடுத்த படக்கருவியை முதன்முதலாகக் கையிலெடுத்தார். கரிக் கொட்டிலை இருட்டறையாக்கினார். கோழிக் கூட்டைப் படப்பிடிப்பு மனையாக்கினார். ஈரக் கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசிப் படமெடுத்த அக்காலத்தில், அவருடைய படங்கள் தெளிவற்றவை, கறைபட்டவை என்று பலர் எள்ளினர். அந்த மங்கலுக்குள்ளே மனித முகத்தின் உள்ளொளி தெரிகின்றது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். 1875இலே கணவருடன் இலங்கைக்கு வந்து இங்கும் படமெடுத்தார். 1879இலே இங்கேயே காலமானார். ஐம்பது வயதை அடைந்துவிட்டோம், இனிப் புதிதாக எதைக் கற்பது என்று சோர்வோருக்கு அவருடைய சமாதி ஒரு பதிலாக விளங்குகின்றது.

அவருக்குப் பின் நம் நாட்டிலேயே பிறந்த பெரும் படக்கலைஞர் லயனல் வென்ற். 1900இலே பிறந்த இவர் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதிலே வல்லவர். 1930களிலே புகைப்படக் கலையிலே முழுமூச்சாக ஈடுபட்டார். மீனவரும், உழவரும், தென்னையும், கடற்கரையும், வேலை செய்யும் உடம்பின் வளைவுமே அவருடைய பொருள்கள். 1934இல் வெளிவந்த ‘இலங்கைப் பாட்டு’ என்னும் புகழ்பெற்ற திரைப்படத்திலே ஒலிப்பதும் அவருடைய குரலே. 1943இலே ஓவியர் பலர் ஒன்றுகூடி ‘43 குழு’ என்னும் அமைப்பைத் தொடங்கியது அவருடைய இல்லத்திலேதான். 1944இலே அவர் மறைந்தார். அவருடைய எதிர்மறைத் தகடுகளும் அவருக்குப்பின் அழிக்கப்பட்டன. எஞ்சிய படங்களைக் கொண்டு 1950இல் ஒரு நூல் வெளிவந்தது.

அந்நூலின் பக்கங்களைப் புரட்டியபோது என் நெஞ்சிலே ஒரு முள் தைத்தது. அதனை இங்கே ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன்.

நான் ஆசிரியனாகச் சேர்ந்த புதிதிலே, சித்திர பாடத்துக்கு ஆசிரியரில்லாத குறையால் அவ்வகுப்பும் என் தலையிலே விழுந்தது. கரும்பலகையிலே ஒரு கிண்ணத்தையும் மூன்று அப்பிள் பழங்களையும் வரைந்து, பார்த்து எழுதும்படி சொல்லுவேன். அப்பிளை உண்டறியாத பிள்ளைகள் அதனை வட்டமாக எழுதிச் சிவப்புத் தீட்டுவார்கள். ஒருநாள், விரும்பியதை வரையுங்கள் என்றேன். ஒரு மாணவன் துலாவை வரைந்தான். கிணற்றையும், ஆடுகாலையும், துலாவையும் பக்கவாட்டிலே காட்டுவதுதான் வழக்கம். இவனோ கிணற்றடியிலே மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தவனைப்போல, தாளின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை ஒரே பெருந் துலாவைக் குறுக்கே இழுத்திருந்தான். அதன்மேல் மிதித்து நடக்கும் மனிதன் ஒரு விரலளவே இருந்தான். கிணறு படத்திலேயே இல்லை. “கிணறு எங்கே?” என்று கேட்டேன். “நான் அதுக்குப் பக்கத்திலைதான் படுத்திருந்தனான், சேர்” என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். நூற்றுக்கு முப்பது புள்ளி இட்டேன்.

வென்ற் அவர்களின் படங்களிலே, கீழிருந்து நோக்கிய பார்வையும், சட்டத்தின் விளிம்பிலே வெட்டுண்டு நிற்கும் உருவங்களும் வருவதைக் கண்டபோதுதான், அச்சிறுவன் கண்டது என்னவென்று எனக்கு விளங்கியது. அவன் துலாவை வரைந்தான். நானோ துலாவின் பெயரைத் தேடினேன். அம்மாணவனுக்கு அன்று நான் இட்ட புள்ளியை இன்று திருத்துவதற்கு வழியில்லை. ஆசிரியத் தொழிலிலே நேரும் பிழைகளுட் பல இத்தகையனவே. ஆதலாலே, பிள்ளையொருவர் நமக்கு விளங்காத படத்தைக் கொண்டுவரும்போது, “இது பிழை” என்று சொல்லுமுன், “எங்கே நின்று பார்த்தாய்?” என்று கேட்கும்படி என் பாடசாலை ஆசிரியர்களை வேண்டிவருகின்றேன்.

இனி, வடிவமைப்பின் இன்னொரு குணத்தைக் கவனிப்போம். வேண்டாதவற்றை நீக்குவதே அது. வியன்னா நகரிலே தொழில் நடத்திய மிக்கேல் தொனெற் என்பவர் 1859இலே ஒரு நாற்காலியைச் செய்தார். நீராவியிலே மரத்தை வளைத்து, ஆறே மரத்துண்டுகளும் பத்துத் திருகாணிகளும் இரண்டு சுரைகளும் கொண்டு அது அமைந்தது. பிரித்து அடுக்கினால், ஒரு கனமீற்றர்ப் பெட்டிக்குள்ளே முப்பத்தாறு நாற்காலிகளை அனுப்பலாம். 1930ஆம் ஆண்டளவிலே ஐந்து கோடிக்கு அது விற்பனையாயிற்று. தேநீர்ச்சாலைகளிலும் பழைய வீடுகளிலும் நாம் கண்ட வளைத்த மர நாற்காலிகள் அதன் வழிவந்தவையே.

வியன்னாவுக்குப் போவானேன்? 1990களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தோருக்கு இக்குணத்தைப் புத்தகம் பார்த்துக் கற்பிக்கவேண்டியதில்லை. மின்சாரமில்லை, மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு, ரோச் லைற்றுக்குப் பற்றரி இல்லை. அக்காலத்திலே யாரோ ஒருவர், அவர் பெயர் எவருக்கும் தெரியாது, ஜாம் போத்தல் விளக்கைச் செய்தார். போத்தலின் அடியிலே சிறிது பஞ்சு. பஞ்சு நனையுமளவுக்கு மண்ணெண்ணெய். அதிலிருந்து எழும் ஒரு மெல்லிய திரி. போத்தலின் கண்ணாடியே காற்றைத் தடுத்தது. ஊற்றிய எண்ணெய் கவிழ்ந்தாலும் சிந்தாது. சில துளி எண்ணெயிலே ஓர் இரவின் படிப்பு முடிந்தது. அந்த வெளிச்சத்திலே படித்துப் பரீட்சை எழுதியோர் பின்னர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆயினர். இன்னொரு பொருளையும் நேயர்கள் விரும்பிக் கேட்பீர்கள். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவிலே பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டோம். செய்தி முடியும்வரை ஒருவர் சுற்றவேண்டும். கை சோர்ந்தால் குரலும் சோரும். அன்று அவ்வாறு சுற்றிய கைகளுள் ஒன்று இன்று உங்கள் முன் பேசுகின்றது.

நம் முன்னோர் பனையிலே செய்தனவும் இத்தகையனவே. நீத்துப்பெட்டியைப் பாருங்கள். கூம்பு வடிவாக இழைத்த ஓலைப் பெட்டி. பானையின் வாயிலே சரியாகப் பொருந்தும். இழைப்பின் இடைவெளி வழியாக ஆவி ஏறிப் பிட்டை அவிக்கும். மாவோ கீழே விழுவதில்லை. கடகத்தைப் பாருங்கள். உள்ளே ஓலை, வெளியே உறுதியான நார். அரிசியும் சுமக்கும், மண்ணும் சுமக்கும்.

அப்படியொரு கடகத்திலேதான் எங்கள் மூக்குப்பேணி உயிர் தப்பியது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவிலே ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, அம்மா அரிசிக்குள்ளே அதனைப் புதைத்து எடுத்துவந்தார். “உயிர் போற நேரத்திலை உதை ஏன் சுமக்கிறாய்?” என்று அப்பா கடிந்துகொண்டார். நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சனத்திரள் அடியடியாக நகர்ந்தது. மழையும் பெய்தது. குடிக்க நீரில்லாமல் மழைநீரை ஏந்திக் குடித்தோம். அவ்விரவிலே அம்மா அப்பேணியை நிரப்பி நிரப்பி அயலிலே நின்றோருக்கெல்லாம் கொடுத்தார். எத்தனை பேர் குடித்தனரோ அறியேன். ஒருவர் உதடும் அதிற் படவில்லை; ஒருவரிடமும் யார், எவ்வூர் என்று அம்மா கேட்கவுமில்லை. பல ஆண்டுகள், மூக்குப்பேணி என்றதும் இந்த நினைவே எனக்கு வந்தது. அதனைப் பற்றி எங்கும் பெருமையோடு பேசிவந்தேன்.

அந்தப் பெருமையிலே ஒரு பாதி குறைவாயிருந்தது என்பதை எனக்குக் கற்பித்தவள் என் பாடசாலை மாணவி ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையிலே ஒரு கண்காட்சி வைத்தோம். விலைகொடுத்து வாங்கிய அலங்காரப் பொருள் எதுவும் வேண்டாம். வீட்டிலே நாளாந்தம் பயன்பட்ட ஒரு பொருளை மட்டும் ஒவ்வொருவரும் கொண்டுவருக. அது என்ன, எதனால் ஆனது, யார் பயன்படுத்தினார் என்று ஒரு சிறு அட்டையிலே எழுதிவைக்குக என்று அறிவித்தோம். சுளகும், அகப்பையும், இடியப்ப உரலும், திருவலையும், கொட்டைப்பெட்டியும் வந்து சேர்ந்தன. நடுமேசையிலே வெள்ளை விரிப்பிட்டு எங்கள் மூக்குப்பேணியை நானே வைத்தேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்தாள். நன்றாகச் சுரண்டி வழவழப்பாக்கிய சிரட்டை, பிடியில்லை, வேலைப்பாடுமில்லை. அகப்பைகளோடு சேர்த்து ஓரமேசையிலே வைக்கும்படி சொன்னேன். அவள் நகரவில்லை.

“சேர், இது அகப்பைக்கு இல்லை. அப்பாச்சி சின்னனா இருக்கேக்கை தேத்தண்ணிக் கடையிலை இதிலைதான் குடுத்தவை. மற்றவைக்குப் பேணி, கிளாசு. இவைக்கு இது. குடிச்சிட்டுக் கழுவி வைக்கவும் வேணுமாம்.”

அவள் குரலிலே கோபமில்லை; கேட்டதைச் சொன்னாள். எனக்கோ மறுமொழி வரவில்லை.

நேயர்களே, இது கட்டுக்கதையன்று. நம் நாட்டின் வரலாறு. சாதியின் பெயரால் ஒரு பகுதி மக்களுக்குத் தேநீர்ச்சாலைகளிலே சிரட்டையும் போத்தலும் தகரப் பேணியும் தனியாக வைக்கப்பட்டிருந்தன. பலருக்கு உள்ளே இருக்கையும் இல்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொதுவிடங்களிலே இத்தகைய மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் எழுதப்பட்டவுடன் கோப்பை கைக்கு வந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்ச்சாலைகளிலும் கோயில் வாயில்களிலும் மக்கள் நின்று போராடினர், அடிபட்டனர், உயிரையும் இழந்தனர். அதன் பின்னரே அந்தப் பெண்ணின் அப்பாச்சி போன்றோர் மற்றவர்களோடு சமமாகக் கண்ணாடிக் குவளையை ஏந்தினர்.

அன்று மாலை நான் மூக்குப்பேணியை மீண்டும் பார்த்தேன். உதடு படாமற் குடிக்கும் அந்த மூக்கு, ஒரு விருந்தாளிக்குத் தூய்மையையும் மரியாதையையும் தந்தது. அதே தூய்மை எண்ணமே இன்னொருவரை முற்றத்திலே நிறுத்திச் சிரட்டையைக் கொடுத்தது. நான் பேணியின் வாய், வயிறு, மூக்கு ஆகியவற்றையெல்லாம் ஆராய்ந்தேன். எதனால் ஆனது என்று கேட்டேன்; எதற்காக இப்படி அமைந்தது என்று கேட்டேன். யாருக்கு இது கொடுக்கப்படவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. இக்கேள்வியை ஈம்ஸ் தம்பதிகளின் அறிக்கையும் எனக்குக் கற்பிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை கற்பித்தாள்.

இதனால் மூக்குப்பேணியை மேசையிலிருந்து அகற்றவேண்டும் என்று நான் எண்ணவில்லை. அதனைச் செய்த கன்னாரின் கைத்திறன் பொய்யாகிவிடவில்லை. 1995இலே அது செய்த உபகாரமும் பொய்யன்று. சிரட்டையிலும் இழிவில்லை. சிரட்டை இயற்கை வனைந்த கலம். கூழ் குடிப்பதற்கு அதனினும் ஏற்றது எது? விருப்பத்தோடு ஏந்தும்போது அது குடிகலம். வேறொன்றும் தரமாட்டோம் என்று நீட்டும்போது அது அவமானம். ஆகவே சிரட்டையை ஓரமேசையிலிருந்து எடுத்து, வெள்ளை விரிப்பிலே மூக்குப்பேணியின் அருகில் வைத்தேன். அவள் எழுதிய அட்டையையும் அப்படியே வைத்தேன். “இது எங்கள் அப்பாச்சிக்குக் கடையில் தேநீர் கொடுத்த சிரட்டை போன்றது. இப்போது அவர் கோப்பையில் குடிக்கிறார்” என்று அதில் எழுதியிருந்தது. சில பெரியவர்கள் அதனை வாசித்துவிட்டு முகஞ்சுளித்தனர். பழங்கதையை ஏன் கிளறுகின்றீர்கள் என்று என்னிடமே கேட்டனர். பழைய பித்தளையைக் காட்டலாமென்றால் பழைய சிரட்டையையும் காட்டத்தான் வேண்டும் என்று பதில் சொன்னேன்.

மறுநாள் அந்த மூதாட்டியும் பேர்த்தியோடு வந்தார். வெகுநேரம் மேசைக்கு முன்னே நின்றார். “எடுத்துப் பாருங்கோ, அம்மா” என்றேன். தயங்கித் தயங்கி மூக்குப்பேணியைக் கையிலெடுத்து, இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தார். “நான் பெரிய பாரமெண்டு நினைச்சன்” என்று சொல்லிவிட்டு மெல்ல வைத்தார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை.

அன்பர்களே, பேச்சை முடிக்குமுன் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். இன்று அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசியோடு ஒரு படக்கருவியும் இருக்கின்றது. கமரன் அம்மையார் ஒரு படத்துக்குப் பட்ட பாட்டை நினைத்தால், நமக்கு வாய்த்த வசதி பெரிது. அதனைக் கொண்டு பிள்ளைகள் தம் முகத்தையே படமெடுப்பதைக் குறைகூறிப் பயனில்லை. கிழமைக்கு ஒரு பொருளைப் படமெடுத்து வரும்படி சொல்லுங்கள். அடுப்படியிலுள்ள அகப்பையாயினும் சரி, வாசலிலே சாத்திவைத்த விளக்குமாறாயினும் சரி. அதனை எங்கிருந்து பார்த்தாய், எதனால் ஆனது, வேண்டாதது எது விடப்பட்டிருக்கின்றது, யார் செய்தார், யார் பயன்படுத்தினார், யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். பதில் தெரியாத இடத்திலே வீட்டிலுள்ள முதியோரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்கவேண்டும். பொருள் இருந்தும் அதன் கதையை அறிந்தவர் இல்லாத வீடுகள் நம்மிடையே பெருகிவருகின்றன.

எங்கள் வீட்டு மூக்குப்பேணி இப்போது பாடசாலையிலேயே இருக்கின்றது. அதன் பக்கத்திலே அச்சிரட்டையும் இருக்கின்றது. இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. யாரும் எடுத்துப் பார்க்கலாம்.